52-ல் 28 போனால் 36: வாராந்திர மடலும் வளரறி மதிப்பீடும் சேரும் இடம்

கேள்வியின் சுருக்கம்: ஒரு தொடக்கப் பள்ளி. 10 பிரிவுகள், 12 ஆசிரியர்கள், பிரிவுக்கு ஏறக்குறைய 34 பிள்ளைகள். தலைமையாசிரியர் வாராவாரம் ஆசிரியர்களுக்கு ஒரு தகவல் மடல் அனுப்புகிறார். அதை யாரும் முழுதாகப் படிப்பதில்லை. வளரறி மதிப்பீட்டை, அதாவது பாடம் நடக்கும்போதே பிள்ளைக்கு எது பிடிபட்டது என்று பார்த்து அடுத்த பாடத்தை அதற்கேற்ப மாற்றுவதை, ஒழுங்காக நடத்த வேண்டும் என்றும் முடிவாகியிருக்கிறது, ஆனால் அதற்கென்று பதிவேடு போட்டதும் "இன்னொரு சுமையா?" என்று முணுமுணுப்பு. இரண்டையும் எப்படி ஓட்டுவது?

இரண்டும் தனித்தனி வேலையாக இருக்கும்வரை இரண்டுமே ஓடாது. மடலில் ஆசிரியரின் வகுப்பைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது, அதனால் அவர் படிப்பதில்லை. வளரறி மதிப்பீட்டில் கண்டுபிடித்தது பதிவேட்டைத் தாண்டி எங்கும் போகாது, அதனால் எழுத மனம் வருவதில்லை. வகுப்பில் கண்ட பிழை மடலுக்கு வரவேண்டும், அங்கிருந்து அடுத்த வாரமே வகுப்புக்குத் திரும்பவேண்டும். இந்தப் போக்குவரத்தில் மதிப்பெண் மட்டும் ஏறக்கூடாது. கீழே எழுதுவதெல்லாம் இந்த ஒரு நிபந்தனையைச் சுற்றித்தான்.

முதலில் சொல்லைச் சரிசெய்துகொள்வோம். வளரறி, தொகுத்தறி என்ற பிரிவை 1967-ல் கொண்டுவந்தவர் மதிப்பீட்டுத் துறை அறிஞர் மைக்கேல் ஸ்க்ரிவன். அவர் பேசியது பாடத்திட்டத்தை மதிப்பிடுவது பற்றி. கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம்தான் அதைப் பிள்ளைகளின் கற்றலுக்குப் பொருத்தினார். 1998-ல் கல்வி ஆய்வாளர்கள் பால் பிளாக், டிலன் வில்லியம் இருவரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி எழுதிய பிறகுதான் பள்ளிகள் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டன. பரவும்போது சாரம் நழுவிவிட்டது. பல பள்ளிகளில் வளரறி மதிப்பீடு என்றால் இப்போது சின்னப் பரீட்சை, பெரிய பரீட்சைக்குத் தம்பி. தாளின் அளவை வைத்து இதைப் பிரிக்க முடியாது. ஒரே தாளை மதிப்பெண் போட்டுப் பெட்டியில் வைத்தால் அது தொகுத்தறி. அதைப் பார்த்து நாளைய பாடத்தில் ஏதாவது மாற்றினால் வளரறி. எதுவும் மாறவில்லையென்றால், பதிவேடு எவ்வளவு அழகாக இருந்தாலும் நடந்தது வளரறி மதிப்பீடு அல்ல.

இனி ஒரு துண்டுச் சீட்டைக் கையில் எடுத்துப் பார்ப்போம்.

3ஆம் வகுப்பில் கடன் வாங்கிக் கழித்தல் நடக்கிறது. பாடவேளை முடிய 6 நிமிடம் இருக்கும்போது ஒரு கணக்கைக் கரும்பலகையில் எழுதி, துண்டுச் சீட்டில் போட்டுத் தரச் சொல்கிறீர்கள். ஒரு ஏ4 தாளை நான்காக வெட்டினால் போதும், 34 பேருக்கு 9 தாள். அச்சடிக்க வேண்டியதில்லை. பெயர், தேதி, கணக்கு, அவ்வளவுதான்.

எந்தக் கணக்கு என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. 52−27 என்று கொடுத்தால் பாழ். சரியான விடை 25. கடன் வாங்கத் தெரியாத பிள்ளை, எது பெரிதோ அதிலிருந்து சிறியதைக் கழித்து 7−2=5, 5−2=3, ஆக 35 என்று எழுதும். கடன் வாங்கத் தெரிந்தும் பத்தின் இடத்தில் ஒன்றைக் குறைக்க மறந்த பிள்ளை 12−7=5, 5−2=3 என்று போடும், அதற்கும் 35. இரண்டு வேறு நோய்களுக்கு ஒரே அறிகுறி. ஒன்றின் இடத்து இலக்கங்களுக்கு இடையே வித்தியாசம் 5 வந்தால் எப்போதும் இப்படித்தான் ஆகும், ஏனென்றால் 5-ஐப் பத்திலிருந்து கழித்தாலும் 5 தான்.

அதற்குப் பதிலாக 52−28 கொடுங்கள். சரியான விடை 24. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தவர் 36 எழுதுவார். குறைக்க மறந்தவர் 34 எழுதுவார். குறியைப் பார்க்காமல் கூட்டியவர் 80. விரல்விட்டு எண்ணும்போது ஒன்று தவறியவர் 23 அல்லது 25. விடைத்தாள் திருத்துகிறவர் கண்ணுக்கு இவை எல்லாமே தவறு, எல்லாமே பூஜ்யம். வளரறி மதிப்பீடு செய்கிறவருக்கு நான்கும் நான்கு வேலை. 36 எழுதிய பிள்ளையிடம் பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளில் 5 கட்டும் 2 உதிரியும் கொடுத்து, "இதிலிருந்து 8 உதிரி எடு" என்று சொல்லவேண்டும். கட்டைப் பிரித்தே ஆகவேண்டும் என்பது கைக்குத் தெரிந்த பிறகுதான் தாளுக்கு வரலாம். 34 எழுதிய பிள்ளைக்குக் குச்சி தேவையில்லை. 5-ஐ அடித்து மேலே 4 என்று எழுதும் பழக்கமும், 34+28=62 ஆகிறதே, 52 வரவில்லையே என்று சரிபார்க்கும் பழக்கமும் போதும். 80 எழுதிய பிள்ளைக்குக் கழித்தல் தெரியாது என்று முடிவுகட்ட இந்தச் சீட்டில் ஆதாரமே இல்லை. 23-க்கு வேண்டியது 18 வரையிலான கழித்தல் வாய்ப்பாட்டுப் பயிற்சி.

நடுவில் பூஜ்யம் வரும் கணக்குக்கு இதே தர்க்கத்தில் 402−178 கொடுக்கலாம். சரியானது 224. 376 வந்தால், பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கும் அதே பழைய நோய். 234 வந்தால், நூறிலிருந்து கடன் வாங்கிப் பூஜ்யத்தைப் பத்தாக்கினார், அதிலிருந்து ஒன்றை ஒன்றின் இடத்துக்குக் கொடுத்த பிறகு 9 ஆக்க மறந்துவிட்டார் என்று படிக்கலாம்.

மற்ற பாடப்பகுதிகளிலும் "தவறான விடையே காரணத்தைச் சொல்லவேண்டும்" என்ற அளவுகோலால் கேள்வியைத் தேர்ந்தெடுக்கலாம். தசமத்தில் 0.4, 0.35 இரண்டில் எது பெரிது என்று கேட்டால், இலக்கம் அதிகமானால் மதிப்பும் அதிகம் என நினைக்கும் பிள்ளை 0.35 என்று மாட்டிக்கொள்ளும். ஆனால் "தசமத்தில் எல்லாம் தலைகீழ், குட்டையாக இருப்பதுதான் பெரிது" என்று தப்பாகப் புரிந்துகொண்ட பிள்ளை சரியான விடையோடு தப்பிவிடும். அதைப் பிடிக்க 0.4, 0.45 என்ற இரண்டாவது ஜோடியையும் சேர்க்கவேண்டும். சமக்குறிக்கு 8+4=□+5 ஒன்றே போதும். பெட்டிக்குள் 12 எழுதினால், சமக்குறி என்றால் "இதோ விடை" என்று அந்தப் பிள்ளை நினைக்கிறது. 17 எழுதினால் கண்ணில் பட்டதையெல்லாம் கூட்டிவிட்டது. 1999-ல் ஃபால்க்னர், லெவி, கார்ப்பென்டர் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில் இந்தக் கணக்கைப் போட்ட 6ஆம் வகுப்புப் பிள்ளைகள் 145 பேரும் 12 அல்லது 17 என்றே எழுதினார்கள், ஒருவரும் 7 எழுதவில்லை. 1ஆம் வகுப்பிலிருந்தே சமக்குறியை விடைக்கு முன்னால் மட்டும் பார்த்துப் பழகியதன் பலன் இது.

சீட்டுகளைத் திருத்தாதீர்கள், பிரியுங்கள். சிவப்புப் பேனாவையே எடுக்க வேண்டாம். ஒரு சீட்டுக்கு 10 விநாடி, 34 சீட்டுக்கு 6 நிமிடத்துக்குள் மூன்று குவியல்: பிடித்துவிட்டவர்கள், பாதி வழியில் இருப்பவர்கள், இன்னும் தொடாதவர்கள். படிக்கவே முடியாதவை நாலைந்து வரும். அவற்றை ஓரமாக வைத்து மறுநாள் அந்தப் பிள்ளைகளிடம் வாயால் கேட்டுக்கொள்ளலாம். குவியலின் உயரம்தான் முடிவு. வகுப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தொடாதவர்கள் என்றால் மறுநாள் முழு வகுப்புக்கும் வேறு வழியில் நடத்தவேண்டும். அதே வழியில் சத்தமாக நடத்துவது மறுபோதனை ஆகாது. நாலு முதல் எட்டுப் பேர் என்றால், மற்றவர்கள் பயிற்சி செய்யும்போது அவர்களை மட்டும் 12 நிமிடம் தரையில் உட்காரவைத்து நடத்தலாம். ஒன்றிரண்டு பேர் என்றால் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் போதும். இந்த எண்கள் எந்த ஆய்விலிருந்தும் எடுத்தவை அல்ல, ஒரே ஆசிரியர் 34 பேரை வைத்துச் சமாளிக்கிற கணக்கு.

வாரத்துக்கு எத்தனை சீட்டு? இரண்டு. தினமும் எல்லாப் பாடத்துக்கும் என்று உத்தரவு போட்டால் மூன்றாவது வாரத்தில் கண்துடைப்பாகிவிடும். கணக்கில் ஒன்று, மொழியில் ஒன்று போதும்.

1, 2 வகுப்புகளுக்குச் சீட்டு சரிப்படாது. எழுதும் வேகமே தடையாக நிற்கும், அதனால் நீங்கள் அளப்பது கழித்தலையா கையெழுத்தையா என்று தெரியாமல் போகும். அங்கே சிலேட்டுதான் ராஜா. கேள்வி கேட்டு, எல்லோரும் எழுதி, சிலேட்டைக் கவிழ்த்து மார்போடு வைத்துக்கொள்ளவேண்டும். "காட்டு" என்றதும் ஒரே நேரத்தில் திருப்பவேண்டும். இந்த ஒரே நேரம் முக்கியம். முன்னால் தூக்கியவரைப் பார்த்துப் பின்னால் இருப்பவர் அழித்து எழுதினால் நீங்கள் பார்ப்பது கெட்டிக்காரப் பிள்ளையின் விடையை 30 தடவை. "புரிந்ததா? புரிந்தவர்கள் கை தூக்கு" என்பதும் இதே ரகம்தான். புரியாத பிள்ளைக்குத் தனக்குப் புரியவில்லை என்பதே புரிந்திருக்காது.

சிலேட்டோடு கவனிப்புக் குறிப்பும் வேண்டும். பெயர்ப் பட்டியலை ஓர் அட்டையில் ஒட்டி, நாளுக்கு 7 பிள்ளைகள் என்று வைத்தால் 5 நாளில் 34 பேரும் முடிந்துவிடும். குறிப்பில் பிள்ளை எப்படிப்பட்டது என்று எழுதாமல் என்ன செய்தது என்று எழுதவேண்டும். "கவனக்குறைவு" என்பதை வைத்து யாராலும் எதுவும் செய்ய முடியாது. "27 எழுதச் சொன்னால் 72 எழுதினான், சொன்னதும் தானே திருத்தினான்" என்றால் நாளைக்கு என்ன செய்வது என்று உடனே தெரியும்.

வாசிப்புக்குத் தனி முறை. நியூசிலாந்தின் மேரி கிளே உருவாக்கிய வாசிப்புப் பதிவு இன்றும் கைகொடுக்கிறது. ஏறக்குறைய 100 சொல் பத்தியைப் பிள்ளை வாய்விட்டு வாசிக்க, ஆசிரியர் தன் பிரதியில் சரியான சொல்லுக்கு ஒரு குறியும், தவறுக்குப் பிள்ளை சொன்னதை அப்படியேயும் எழுதவேண்டும். தானே திருத்திக்கொண்டால் அது தவறில் சேராது, தனியாகக் குறிக்கவேண்டும். 95 விழுக்காடும் அதற்கு மேலும் சரியாக இருந்தால் அந்த நூலைத் தனியாக வாசிக்கலாம். 90 முதல் 94 வரை என்றால் ஆசிரியர் துணையோடு வாசிக்க ஏற்றது. 90-க்குக் கீழே என்றால் கடினம், வேறு நூல் கொடுக்கவேண்டும். தமிழில் ஓர் எச்சரிக்கை. இந்த வரம்புகள் ஆங்கில வாசிப்பை ஒட்டி வந்தவை. தமிழில் "ஓடிக்கொண்டிருந்தார்கள்" என்பதும் ஒரு சொல், "பூ" என்பதும் ஒரு சொல். நீண்ட சொல்லின் வாலில் தடுக்கினாலும் ஒரு தவறு, "கோடு" என்பதைக் "கொடு" என்று வாசித்தாலும் ஒரு தவறு. அதனால் விழுக்காட்டை மட்டும் பார்க்காமல் பிழை எங்கே விழுகிறது என்று பிரித்துக் குறியுங்கள்: குறில் நெடிலிலா, மெய்யெழுத்தை விழுங்குவதிலா, சொல்லின் விகுதியிலா. ஒரு பிள்ளைக்கு 4 நிமிடம், நாளுக்கு இரண்டு பேர். 17 வேலைநாளில் வகுப்பு முடியும், பிறகு முதலிலிருந்து தொடங்கலாம்.

வகுப்பில் வாய்வழிக் கேள்வி பற்றி ஒன்றே ஒன்று. கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள் என்பதை மேரி பட் ரோ 1970களில் ஒலிப்பதிவுகளை வைத்துக் காட்டினார். 3 விநாடி பொறுத்த இடங்களில் விடைகள் நீண்டன, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். 3 விநாடி என்பது கேட்க எளிது. வகுப்பறை மௌனத்தில் நின்று பாருங்கள், யுகமாகத் தெரியும். மனத்துக்குள் எண்ணிக்கொள்வதே வழி.

இப்போது மதிப்பெண் ஏன் ஏறக்கூடாது என்பதற்கு வருகிறேன். ரூத் பட்லர் 1988-ல் வெளியிட்ட ஆய்வில் பிள்ளைகளை மூன்றாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு மதிப்பெண் மட்டும், ஒன்றுக்குக் கருத்து மட்டும், ஒன்றுக்கு இரண்டும். கருத்து மட்டும் பெற்றவர்கள்தான் அடுத்த வேலையில் மேலே வந்தார்கள். இரண்டும் பெற்றவர்கள் மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே நின்றார்கள். எண்ணைப் பார்த்ததும் பிள்ளையின் கண் பக்கத்து இருக்கைக்குப் போகிறது, எழுதிய கருத்து படிக்கப்படுவதே இல்லை. கருத்து எழுதினாலே நல்லது என்றும் எண்ண வேண்டாம். க்ளூகர், டெனிசி இருவரும் 1996-ல் 607 விளைவளவுகளை (பின்னூட்டம் எவ்வளவு மாற்றம் தந்தது என்று காட்டும் எண்களை) தொகுத்துப் பார்த்ததில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பின்னூட்டம் செயல்திறனைக் குறைத்திருந்தது. பிள்ளையின் கவனம் வேலையிலிருந்து தன்மீது திரும்பும்போது அது கெடுதல் செய்கிறது என்பது அவர்கள் விளக்கம். "நன்று", "இன்னும் முயற்சி தேவை" இரண்டுமே இந்தப் பட்டியலில் சேரும். "பத்தின் இடத்தில் கடன் கொடுத்த பிறகு மீதம் என்ன என்று மேலே எழுதிவிட்டு மறுபடி போட்டுப் பார்" என்பது பின்னூட்டம். அதை எழுதினால் மறுநாள் 8 நிமிடம் திருத்துவதற்கென்று ஒதுக்கவேண்டும். நேரம் ஒதுக்காவிட்டால் எழுதியது வீண்.

இதே விதி ஆசிரியர்களுக்கும் பொருந்தும். எல்லோரும் தவறவிடும் இடம் இதுதான். மடலில் "3-ஆ பிரிவில் 70 விழுக்காடு, 3-அ பிரிவில் 52" என்று போட்ட அன்றே கதை முடிந்தது. அடுத்த வாரம் 3-அ ஆசிரியர் 59−28 கொடுப்பார். கடன் வாங்கவே தேவையில்லாத கணக்கு, எல்லோரும் சரியாகப் போடுவார்கள், விழுக்காடு எகிறும், பிழை மட்டும் மறைந்துகொள்ளும். அவரைக் குறைசொல்ல முடியாது. கேட்டது எண், கொடுத்தது எண்.

ஆகவே மடலில் கேட்கவேண்டிய கேள்வி "எத்தனை பேர் சரி?" அல்ல. இரண்டு வரி கேட்டால் போதும்: இந்த வாரம் சீட்டிலோ சிலேட்டிலோ அடிக்கடி கண்ட ஒரு தவறான விடை என்ன, அதைப் பார்த்து மறுநாள் எதை மாற்றினீர்கள்? தவறான விடையைப் பொய்யாக எழுதுவது சிரமம், எழுத வேண்டிய அவசியமும் இல்லை.

மடலின் அமைப்புக்கு வருவோம். ஒரு பக்கம், 300 சொல்லுக்குள். வாரந்தோறும் அதே நாள், அதே வரிசை. வியாழன் மாலை அனுப்புவது நல்லது. வெள்ளியன்று சந்தேகம் கேட்கலாம், அடுத்த வாரப் பாடக்குறிப்பு எழுதும்போது கையில் இருக்கும். ஞாயிறு இரவு அனுப்பினால் விடுமுறையைக் கெடுத்த கோபம்தான் மிஞ்சும். எண் போட்டு அனுப்புங்கள், "மடல் 14-ல் சொன்னது" என்று பேசிக்கொள்ள உதவும். ஒரு மாதிரி:

மடல் 14, வியாழன்

தேதிகள்: திங்கள் காலை 10 மணிக்கு 1, 2 வகுப்புகளுக்குக் கண் பரிசோதனை. புதன் கடைசிப் பாடவேளை இல்லை, 20 நிமிடம் முன்னதாக மணி அடிக்கும்.

செய்யவேண்டியவை: நூலகப் புத்தக எண்ணிக்கை, 3, 4, 5 வகுப்பாசிரியர்கள், செவ்வாய் மாலைக்குள் அலுவலகத்தில். மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை.

வகுப்பிலிருந்து: 52−28-க்கு 36 என்ற விடை இரண்டு பிரிவுகளில் அதிகம் வந்தது. ஒரு பிரிவில் குச்சிக் கட்டைப் பிரித்துச் செய்யவைத்த மறுநாள் அது 11-லிருந்து 4 ஆனது. மீதி 4 பேரும் கட்டைப் பிரிக்கிறார்கள், தாளில் எழுதும்போது மறந்துவிடுகிறார்கள். 2ஆம் வகுப்பு ஆசிரியர்கள் இப்போதே "பெரியதிலிருந்து சிறியதைக் கழி" என்று சொல்வதைத் தவிர்த்தால் அடுத்த ஆண்டு இது குறையும்.

இந்த வாரக் கேள்வி: வாசிப்பில் பிள்ளை தடுக்கும் இடம் சொல்லின் தொடக்கமா, நடுவா, விகுதியா? ஓர் எடுத்துக்காட்டுச் சொல், நீங்கள் செய்த ஒரு மாற்றம். வெள்ளி 3 மணிக்குள், இரண்டே வரி.

மாதிரி அவ்வளவுதான். இதில் கவனிக்கவேண்டியவை சில. பிரிவின் பெயர் இல்லை, ஆசிரியர் பெயர் இல்லை, பிள்ளையின் பெயர் அறவே இல்லை. மடல் கைமாறிப் போகும், தொலைபேசியில் படம் எடுக்கப்படும், பெற்றோர் கண்ணிலும் படும் என்று நினைத்தே எழுதவேண்டும். ஒரு பிள்ளையின் உடல்நிலையோ குடும்ப நிலையோ சம்பந்தப்பட்ட ஆசிரியரிடம் நேரில் சொல்லவேண்டியது. 11-லிருந்து 4 என்ற எண் இருக்கிறதே என்று கேட்கலாம். அது ஒரே வகுப்பின் நேற்றும் இன்றும், பக்கத்து வகுப்போடு ஒப்பீடு அல்ல. அந்த வித்தியாசம் தாங்கும்.

"மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை" என்ற வரியையும் விடாதீர்கள். ஒவ்வொரு வேலைக்கும் யார், எப்போதுக்குள், எங்கே என்ற மூன்றும் இருந்தால் பாதி தொலைபேசி அழைப்புகள் நிற்கும். "அனைவரும் கவனிக்கவும்" என்று தொடங்கும் எதையும் யாரும் கவனிப்பதில்லை.

மடல் படிக்கப்படாமல் போவதற்குப் பெரிய காரணம் நீளமல்ல, அதற்குப் போட்டியாக ஓடும் வாட்ஸ்அப் குழு. மடலில் ஒன்று, குழுவில் ஒரு திருத்தம், அறிவிப்புப் பலகையில் பழைய தேதி, ஸ்டாஃப் ரூமில் வாய்மொழியாக நாலாவது. இப்படி இருந்தால் "எதற்கும் கடைசியில் கேட்டுக்கொள்ளலாம்" என்று மடலைப் படிக்காமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம். புதன் மாலைக்குப் பிறகு வரும் செய்தி, இன்றோ நாளையோ நடக்கவேண்டியதாக இல்லாவிட்டால், அடுத்த மடலுக்குப் போகட்டும். குழுவை அவசரத்துக்கு மட்டும் வையுங்கள். மேலிடத்துச் சுற்றறிக்கையை அப்படியே ஒட்டாமல், அதில் ஆசிரியர் செய்யவேண்டியதை ஒரு வரியாக்குங்கள். முழு அறிக்கை கோப்பில் இருக்கட்டும்.

மடலைப் பெறுபவர் பட்டியலில் பகுதிநேர ஆசிரியர்கள், சிறப்பாசிரியர், அலுவலக உதவியாளர், சமையல், துப்புரவுப் பணியாளர்கள் இருக்கிறார்களா என்று பாருங்கள். மணி 20 நிமிடம் முன்னால் அடிப்பது சமையலறைக்குத் தெரியாமல் போனால் குழப்பம் வகுப்பில் தெரியும்.

ஆசிரியர்கள் அனுப்பும் இரண்டு வரிகளைத் தலைமையாசிரியர் வெள்ளி மாலை அல்லது திங்கள் காலை 20 நிமிடம் உட்கார்ந்து படிக்கவேண்டும். 12 பேரில் 8 பேர் அனுப்பினாலே நல்ல தொடக்கம். அவற்றில் இரண்டை எடுத்து அடுத்த வியாழன் மடலில் போடவேண்டும். இது ஒரு வாரம் தவறினால் மன்னிப்பார்கள், இரண்டு வாரம் தவறினால் வரிகள் வருவது நிற்கும். படிக்க முடியாத வாரத்தில் கேள்வியே கேட்காதீர்கள். அனுப்பாதவர்களின் பட்டியல் போடுவதும் வேண்டாம். அவர்களின் வகுப்பில் 10 நிமிடம் போய் உட்கார்ந்து, இரண்டு பிள்ளைகளிடம் "இப்போது என்ன கற்றுக்கொள்கிறாய்? சரியாக வந்ததா என்று உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டால், ஆசிரியர் எழுதாத இரண்டு வரி அங்கே கிடைத்துவிடும். கல்வி ஆய்வாளர் ராய்ஸ் சாட்லர் 1989-ல் சொன்னதும் ஏறக்குறைய இதைத்தான்: எங்கே போகவேண்டும், இப்போது எங்கே நிற்கிறோம், இடைவெளியை எப்படிக் கடப்பது என்ற மூன்றும் பிள்ளைக்கே தெரிந்திருக்கவேண்டும். குறிப்பேடு எடுத்துக்கொண்டு போகாதீர்கள், ஆய்வாளர் வந்துவிட்டார் என்று வகுப்பு விறைத்துவிடும்.

மடல் சரியாக ஓடத் தொடங்கினால் ஆசிரியர் கூட்டத்தில் அறிவிப்புகளுக்கு வேலை இருக்காது. அந்த 40 நிமிடத்தைச் சீட்டுகளுக்குக் கொடுங்கள். ஒரு பிரிவின் 34 சீட்டுகளில் பெயரை மடித்து மறைத்துவிட்டு மேசையில் பரப்பி, மூன்று ஆசிரியர்கள் தனித்தனியாகக் குவியல் பிரிக்கட்டும். ஒருவர் "பாதி வழி" என்றதை இன்னொருவர் "தொடாதவர்" என்பார். வாதம் அங்கேதான் தொடங்கும், எது அறிகுறி, எது கைத்தவறு என்று. கேள்வியே சரியில்லை என்பதும் அங்கேதான் வெளிவரும். 52−27 கொடுத்தவர்கள் அதைத் தாங்களாகவே கண்டுபிடிப்பார்கள், நீங்கள் சொல்லவே வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒரே திங்களன்று தொடங்காதீர்கள். முதல் மூன்று வாரம் மடலின் வடிவத்தை மட்டும் மாற்றுங்கள். தேதிகளும் வேலைகளும் பிசகாமல் வருகின்றன என்ற நம்பிக்கை வரட்டும். நாலாவது வாரம் ஒரே வகுப்பில், மனமுவந்து வருகிற இரண்டு ஆசிரியர்களோடு சீட்டைத் தொடங்கி, அவர்கள் கண்டதை மடலில் போடுங்கள். பள்ளி முழுவதற்குமான கேள்வியை எட்டாவது வாரம் கேட்டால் போதும். அதற்குள் பதிவேட்டில் எதையாவது குறைத்திருக்கவேண்டும். ஏற்கெனவே வாரத்துக்கு ஒரு தேர்வு எழுதவைத்துத் திருத்திக்கொண்டிருந்தால் அதை மாதத்துக்கு ஒன்றாக்குங்கள். பழைய சுமையின்மேல் புதியதை வைத்துவிட்டு ஒத்துழைப்பில்லை என்று வருந்துவதில் நியாயமில்லை.

மேலதிகாரி மதிப்பெண் பதிவு கேட்டால்? கொடுங்கள், பருவத்துக்கு ஒருமுறை வைக்கும் தேர்வுகளிலிருந்து. சீட்டிலிருந்து எடுத்துக் கொடுக்காதீர்கள். சீட்டு மதிப்பெண் ஆகும் என்று பிள்ளைக்குத் தெரிந்த நாளில் பக்கத்துச் சீட்டைப் பார்க்கத் தொடங்கும், உங்களுக்குக் கிடைப்பது 34 நகல்கள். வளரறிக்குச் சான்று காட்டியே ஆகவேண்டும் என்றால், பருவத்துக்குப் பிள்ளைக்கு இரண்டு சீட்டு மட்டும் கோப்பில் வையுங்கள்: ஒரே வகைக் கணக்கில் முதலில் 36 என்று எழுதியது, மூன்று வாரம் கழித்துச் சரியாக எழுதியது. இரண்டிலும் தேதி இருக்கட்டும், நடுவில் ஆசிரியர் மாற்றியதை ஒரு வரி எழுதி ஒட்டுங்கள். மற்ற சீட்டுகளைப் பிரித்து முடிவெடுத்த மறுநாளே தூக்கிப் போட்டுவிடலாம்.